எந்த டேப்பில் இருக்கிறோம் என்று பார்த்தவுடன் தெரிகிறதா? பிரவுசர்களின் முகம் மாறுவது பற்றி

நொய்யல்கரை (திருப்பூர்)

ஆபீஸில் கம்ப்யூட்டர்களை மாற்றி விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வேகத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறோம். இப்போது திறந்திருப்பது எந்த டேப்?

எங்கள் வேலை பனியன் கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன், இ-வே பில் போடுவது. ஒரே பிரவுசரில் ஒரே தளத்தில் இரண்டு கம்பெனிக்கு லாகின் செய்தால் இரண்டாவது வந்து முதலாவதைத் தள்ளிவிடும். அதனால் நிட்டிங் கம்பெனியைக் குரோமில், டையிங் யூனிட்டை ஃபயர்பாக்ஸில், இன்னொன்றை இன்காக்னிட்டோ என்ற தனி ஜன்னலில் என்று பிரித்து வைத்துக்கொள்வோம். முன்பு இதில் குழப்பமே வராது. குரோமின் டேப் இரண்டு பக்கமும் சரிந்திருக்கும், ஃபயர்பாக்ஸின் டேப் வளைந்திருக்கும், இன்காக்னிட்டோ கறுப்பாக இருக்கும். ஓரக்கண்ணில் பட்டாலே எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும். இப்போது எல்லாவற்றுக்கும் உருண்ட மூலை, எல்லாம் வெளிர் சாம்பல். கண் கூசுகிறது என்று டார்க் மோட் போட்டால் சாதாரண ஜன்னலும் இன்காக்னிட்டோவும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன.

ஃபயர்பாக்ஸைத் திறந்து மேல் வரிசையை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். திறந்திருக்கும் டேப் வெள்ளைக் கட்டமாகச் சாம்பல் பட்டை மேல் மிதக்கிறது. மற்ற டேப்களுக்குக் கட்டமும் கிடையாது, நடுவில் கோடும் கிடையாது, வெறும் எழுத்துதான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மத்தியான வெளிச்சம் விழுகிற சாதாரண மானிட்டரில் பார்த்தால் அந்த வெள்ளையும் சாம்பலும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

தோற்றம் எப்படி வேண்டுமானாலும் மாறட்டும். நான் எதில் இருக்கிறேன், அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களாக ஒவ்வொரு மாற்றத்திலும் முதலில் அடிபடுவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. டிசைன் துறையில் இருப்பவர்கள் இங்கே இருந்தால் ஏன் இப்படி என்று சொல்லுங்கள்.

சிறுவாணித்தண்ணி (கோவை, சரவணம்பட்டி)

நான் டிசைனர்தானுங்க. நீங்கள் சொல்லும் சிரமத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இதற்கெல்லாம் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும்.

2008 செப்டம்பரில் குரோம் வந்தது. அதற்கு முன் ஒரு பிரவுசர் ஜன்னலில் என்னவெல்லாம் இருந்தன? மேலே டைட்டில் பார், அதன் கீழே மெனு, பிறகு பட்டன்களும் அட்ரஸ் பாரும், புக்மார்க் வரிசை, டேப் வரிசை, அடியில் ஸ்டேட்டஸ் பார். ஆறு அடுக்கு. அடுத்த சில வருடங்களில் நம் வீடுகளுக்கு வந்த லேப்டாப்களில் பெரும்பாலானவை 1366×768 திரை. உயரம் வெறும் 768 பிக்சல். அதில் விண்டோஸ் 7 டாஸ்க்பாருக்கே 40 போய்விடும். மிச்சத்தில் பிரவுசர் ஆறு அடுக்கு எடுத்துக்கொண்டால் படிக்க என்ன இருக்கும்? குரோம் டேப்களை டைட்டில் பார் இடத்துக்கே தூக்கியது, மெனுவை ஒரு பட்டனுக்குள் வைத்தது, ஸ்டேட்டஸ் பாரைத் தேவைப்படும்போது மட்டும் எட்டிப்பார்க்க வைத்தது, தேடலையும் முகவரியையும் ஒரே பெட்டியாக்கியது. 2011 மார்ச்சில் வந்த ஃபயர்பாக்ஸ் 4, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9 இரண்டுமே அந்த வழியில்தான் போயின. எக்ஸ்புளோரர் 9 இன்னும் ஒரு படி போய் டேப்பையும் முகவரியையும் ஒரே வரிசையில் வைத்தது.

இரண்டாவது அலை தட்டை டிசைன். 2012இல் விண்டோஸ் 8, 2013இல் ஐஓஎஸ் 7, 2014இல் கூகுளின் மெட்டீரியல் டிசைன். மேடு, பள்ளம், பளபளப்பு எல்லாம் போயின. நிழல் குறைந்தது. மேட்டையும் நிழலையும் வைத்துத்தான் அதுவரை "இது முன்னால் இருக்கிறது, அது பின்னால் இருக்கிறது" என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். அவை போனபின் அந்த வேலையை நிறம் மட்டும் செய்ய வேண்டியதாயிற்று. அந்த நிறமும் சாம்பலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பக்கத்தின் நிறங்கள்தான் கண்ணில் பட வேண்டும், அதைச் சுற்றியிருக்கும் பிரவுசரின் சட்டகம் பின்வாங்க வேண்டும். இந்தக் கொள்கை எனக்குப் பிடித்தமானது, இன்றும் அதை ஆதரிக்கிறேன்.

ஃபயர்பாக்ஸின் தோற்றங்கள் பெயரோடு வந்த வரிசை இது: 2014 ஏப்ரலில் ஆஸ்ட்ராலிஸ், வளைந்த டேப். 2017 நவம்பரில் ஃபோட்டான், சதுர டேப். 2021 ஜூனில் புரோட்டான், மிதக்கும் டேப். குரோம் 2018 செப்டம்பரில், பத்தாம் ஆண்டில், சரிவு டேப்பை விட்டு உருண்டைக்கு வந்தது. 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் எட்ஜும், குரோமே நிற்கும் குரோமியம் என்ற அடித்தளத்துக்கு மாறியது. எல்லாம் ஒன்றுபோல் தெரிகிறது என்றால் பாதி காரணம் அது.

காங்கயம்காளை (காங்கயம்)

தம்பி நன்றாகச் சொன்னார். பழசு எல்லாம் பொன் என்று யாரும் இங்கே ஆரம்பித்துவிட வேண்டாம், அதற்காகவே எழுதுகிறேன். 2000களின் தொடக்கத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தியவன் நான். பிளைவுட் தடுப்பு, உள்ளே பெட்டி மானிட்டர், 800×600 திரை, எக்ஸ்புளோரர் 6. வருகிறவர்கள் எதையாவது இறக்குவார்கள், கூடவே ஒரு டூல்பார் ஒட்டிக்கொள்ளும். ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று நான்கு டூல்பார் அடுக்கி, பரீட்சை ரிசல்ட் பார்க்கத் திரையில் பாதிதான் மிஞ்சும். டேப் என்ற ஒன்றே எக்ஸ்புளோரரில் 2006இல் ஏழாம் பதிப்பில்தான் வந்தது. அதுவரை ஒவ்வொரு பக்கமும் தனி ஜன்னல், கீழே டாஸ்க்பாரில் நெருக்கியடித்து நிற்கும். அந்தக் காலத்துக்கு நான் திரும்பிப் போக மாட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் பழையதுதான் நல்லது. மெனுவில் சொற்கள் இருந்தன. ஃபைல், எடிட், வியூ என்று எழுதியே இருக்கும். எழுதியதைப் படித்து யாரும் கற்றுக்கொள்ளலாம். "மூன்று கோட்டை அமுக்குங்க", "மூன்று புள்ளியை அமுக்குங்க" என்று போனில் சொல்லி ஒருவருக்குப் புரியவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று சர்வீஸ் வேலையில் இருப்பவர்களைக் கேளுங்கள். அந்தக் கோடும் புள்ளியும் எந்த மூலையில் என்பதும் பிரவுசருக்குப் பிரவுசர், போனுக்குப் போன் மாறுகிறது. ஃபயர்பாக்ஸில் ஆல்ட் கீயை ஒரு தட்டுத் தட்டினால் பழைய மெனு வரிசை இன்றும் வருகிறது. பலருக்கு இது தெரியாது.

கொல்லிமலைத்தேன் (நாமக்கல்)

டேப்பை விட அட்ரஸ் பாரில் நடந்திருப்பது பெரிய விஷயம் என்பது என் கருத்து. லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறேன். டோல், இன்சூரன்ஸ், டீசல் கார்டு என்று பணம் போகாத நாள் கிடையாது.

முன்பு பேங்க் தளத்துக்குப் போனால் முகவரிக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் பேங்கின் பெயரே வரும். "பச்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாஸ்வேர்டு போடுங்கள்" என்று பேங்குகளே சொல்லிக் கொடுத்தன. 2019இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் அந்தப் பெயரை அட்ரஸ் பாரிலிருந்து எடுத்துவிட்டன. அதே வருடம் குரோம் முகவரியின் முன்பகுதியையும் மறைத்தது. கடைசியில் 2023இல் பூட்டுப் படமும் போய், இரண்டு கோடும் இரண்டு வட்டமுமாக ஒரு செட்டிங்ஸ் படம் வந்தது.

பூட்டை எடுத்ததில் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பூட்டு என்பது நமக்கும் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும்தான் காட்டியது. அந்தத் தளமே திருட்டுத் தளமாக இருந்தாலும் பூட்டு வரும். ஜனங்கள் பூட்டைப் பார்த்து "நம்பலாம்" என்று நினைத்தார்கள். தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஓர் அடையாளத்தை எடுப்பது சரிதான். ஆனால் இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்ததை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இனி எதைப் பார்க்க வேண்டும் என்று டிரைவருக்கோ கிளீனருக்கோ யார் சொன்னார்கள்?

நொய்யல்கரை

நாமக்கல்காரர் சொன்னது எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தும். சரக்கு வாங்கும் பையர் அனுப்பியது போலவே மெயில் வரும், பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது என்று இருக்கும், முகவரியில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். எக்ஸ்போர்ட் வட்டாரத்தில் இதைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் கிடையாது. அதனால் முகவரியை முழுதாகப் படிக்கும் பழக்கம் எங்களுக்கு அவசியம். குரோமில் அட்ரஸ் பார் மேல் ரைட் கிளிக் செய்தால் முழு முகவரியை எப்போதும் காட்டும்படி ஒரு தேர்வு இருக்கிறது. எங்கள் ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டுவிட்டோம்.

சிறுவாணித்தம்பி, "சட்டகம் பின்வாங்க வேண்டும்" என்று சொன்னீர்கள். பக்கத்தைப் படிப்பவருக்கு அது சரி. நாங்கள் படிப்பதில்லை, இங்குமங்கும் தாவுகிறோம். தாவுகிறவருக்குச் சட்டகம்தான் வழி. வேட்டிக்குக் கரை இருப்பது போல டேப்புக்கும் ஒரு கரை வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

மஞ்சமாநகர் (ஈரோடு)

போனைப் பற்றி யாருமே பேசவில்லையே! எங்கள் அப்பா மஞ்சள் வியாபாரம். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை, எல்லாம் போனில்தான். ஏலத்தில் நிற்கும்போது ஒரு கையில் விரலி மஞ்சள் சாம்பிள், இன்னொரு கையில் போன். அந்தக் கட்டை விரல் எட்டுகிற தூரம்தான் அவருக்குப் பிரவுசர்.

அவருக்கு நடந்த பெரிய நன்மை அட்ரஸ் பார் கீழே இறங்கியது. இது புதுசு இல்லை. விண்டோஸ் போன் 2011இலேயே முகவரியைக் கீழே வைத்திருந்தது. குரோம் 2016 வாக்கில் ஆண்ட்ராய்டில் சோதித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2020இல் ஆண்ட்ராய்டில் கொண்டுவந்தது. 2021இல் ஆப்பிள் சஃபாரியில் இறக்கியபோது ஊரெல்லாம் சத்தம். மேலேயே வைத்துக்கொள்ளவும் வழி கொடுத்தபின்தான் அடங்கியது. குரோம் ஐபோனில் 2023, ஆண்ட்ராய்டில் 2025. ஆறேமுக்கால் அங்குலப் போனின் மேல் மூலைக்கு விரலை நீட்டச் சொல்லி இத்தனை வருடம் வைத்திருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆனால் நொய்யல்கரை அக்கா சொல்லும் குறை போனில் இன்னும் அதிகம். கீழே ஸ்க்ரோல் செய்தால் பார் மறைந்துவிடும். சில தளங்களில் பாரின் நிறமும் தளத்தின் நிறமாகவே மாறிவிடும். எது பிரவுசருடையது, எது தளத்துடையது என்று அப்பாவுக்குத் தெரிவதில்லை. தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியில் இன்னொரு தளத்தின் பெயரை அடித்துவிட்டு "வரமாட்டேங்குதே கண்ணு" என்பார். பார்வையில் கோளாறு எதுவும் இல்லை. இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி உருண்டு, ஒரே மாதிரி வெளிறி இருந்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

பவானிஜமுக்காளம் (பவானி)

அரசுப் பள்ளி ஆசிரியர். தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று இருக்கிறது.

தமிழ்ச் சொல்லுக்கு அகலம் அதிகம் தேவை. டேப்கள் பத்தைத் தாண்டியதும் ஒவ்வொன்றிலும் நான்கைந்து எழுத்துதான் தெரியும். அரசுத் தளங்கள் பலவற்றின் தலைப்பு "தமிழ்நாடு" என்று ஆரம்பிக்கும். கூடவே அதே கோபுரச் சின்னம். அப்புறம் என்ன, வரிசையாகக் கோபுரம், "தமிழ்", கோபுரம், "தமிழ்" என்று நிற்கும். எது பாடநூல், எது வருகைப் பதிவு, எது சுற்றறிக்கை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கு நான் கண்ட வழி டேப்களைப் பக்கவாட்டில் வைப்பது. விவால்டி என்ற பிரவுசரில் 2016இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அந்த வசதி உண்டு, எட்ஜில் 2021இல் வந்தது, ஃபயர்பாக்ஸில் 2025 மார்ச்சில் 136ஆம் பதிப்பில் வந்தது. இடது பக்கம் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வரி. "தமிழ்நாடு பாடநூல்" என்பது முழுதாகத் தெரிகிறது. இன்றைய திரைகள் அகலமானவை, உயரம்தான் பஞ்சம். சிறுவாணி சொன்ன 768 கணக்குப்படி பார்த்தாலும் பக்கவாட்டு டேப்தான் நியாயமான இடம். இவ்வளவு தாமதமாக ஏன் வந்தது என்று டிசைனர்கள் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. வெளிறிய சின்ன எழுத்தில் முதலில் காணாமல் போவது புள்ளி. ஆங்கில எழுத்துக்கு எட்டும் சாம்பல் நிறம் நம் மெய்யெழுத்துப் புள்ளிக்கு எட்டாது. கண்ணாடி போட்ட என் சக ஆசிரியர்கள் டேப் தலைப்பைப் படிப்பதையே விட்டுவிட்டு ஐகானை மட்டும் பார்க்கிறார்கள். கோபுரம்தான் எல்லாவற்றிலும் ஒன்றாயிற்றே.

சிறுவாணித்தண்ணி

ஐயா, அந்தப் புள்ளி விஷயம் நான் யோசித்துப் பார்க்காதது. எங்கள் ஆபீஸில் மாதிரி வரையும்போது எல்லா டேப்பிலும் ஆங்கிலத் தலைப்பைத்தான் போடுவோம். நாளையிலிருந்து தமிழும் போட்டுப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.

அளவுகோல் இல்லாமல் இல்லை. இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகளில் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு கேட்கப்படுகிறது. பட்டன், கட்டம் போன்றவற்றை அடையாளம் காண 3க்கு 1 வேண்டும் என்று 2018இல் சேர்த்தார்கள். வெள்ளை டேப்புக்கும் அதன் பின்னால் இருக்கும் வெளிர் சாம்பலுக்கும் நடுவில் அந்த 3 கிடைக்காது. நிழலை எடுத்தபின் நிறம்தான் ஒரே அடையாளம் என்றால் அந்த நிறம் இன்னும் அழுத்தமாக இருந்தாக வேண்டும். இதில் நான் அக்கா பக்கம்.

இப்போது பின்னால் இருப்பது ஊடுருவித் தெரியும் கண்ணாடித் தோற்றம் திரும்பி வந்திருப்பதுதான் என் கவலை. 2007இல் விண்டோஸ் விஸ்டாவில் ஏரோ என்று ஜன்னல் ஓரமெல்லாம் கண்ணாடியாக்கினார்கள். ஃபயர்பாக்ஸ் 4இன் டேப் வரிசையே அந்தக் கண்ணாடி மேல்தான் உட்கார்ந்தது. விண்டோஸ் 8 அதைத் துடைத்துப் போட்டது. 2025 செப்டம்பரில் ஐஓஎஸ் 26இல் லிக்விட் கிளாஸ் என்று ஆப்பிள் மறுபடியும் ஆரம்பித்திருக்கிறது. சஃபாரியின் பார் பக்கத்தின் மேல் மிதக்கிறது, கீழே ஓடும் எழுத்து அதன் வழியே தெரிகிறது. படிக்க முடியவில்லை என்று பலர் சொன்னபின், 26.1இல் கண்ணாடியைக் கொஞ்சம் மங்கலாக்கிக்கொள்ளும் தேர்வைக் கொடுத்தார்கள். பின்னணி என்னவாக இருக்கும் என்றே தெரியாத இடத்தில் வேறுபாட்டை எப்படிக் கணக்கிடுவது? ஒவ்வொரு ஸ்க்ரோலுக்கும் அது மாறும்.

பக்கவாட்டு டேப் பற்றி: பழக்கம்தான் தடை. எல்லாருக்கும் கண் மேலே போகிறது, அதை மாற்ற எந்தக் கம்பெனிக்கும் துணிவு வரவில்லை. ஆர்க் என்ற பிரவுசர் பக்கவாட்டை மட்டுமே வைத்து 2023இல் முழுப் பதிப்பாக வந்தது, நல்ல பெயரும் வாங்கியது. அதை உருவாக்கியவர்களே பிறகு புது வசதிகள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

காங்கயம்காளை

ஸ்க்ரோல் பாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூல் கனத்துக்கு மெலிந்து, தொட்டால்தான் வெளியே வருகிறது. சக்கரம் தேய்ந்த மவுஸை வைத்துக்கொண்டு நீளமான பட்டியலில் இறங்க வேண்டுமென்றால் பிடிக்கவே முடியவில்லை. பக்கம் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதையும் அதைப் பார்த்துத்தானே தெரிந்துகொள்வோம்? விண்டோஸ் 11 செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதில் விஷுவல் எஃபெக்ட்ஸ் போனால் ஸ்க்ரோல் பாரை எப்போதும் காட்டச் சொல்லலாம்.

நொய்யல்கரை

நன்றிங்க அண்ணா, போட்டுவிட்டேன். ஃபயர்பாக்ஸில் டேப் உயரத்தைக் குறைக்க வழி இருக்கிறதா? முன்பு காம்பேக்ட் என்று ஒன்று இருந்தது, இப்போது தேடினால் கிடைக்கவில்லை.

சிறுவாணித்தண்ணி

2021 மாற்றத்தில் அதை ஒளித்துவிட்டார்கள். அட்ரஸ் பாரில் அபவுட் கான்ஃபிக் (about:config) திறந்து, காம்பேக்ட்மோட் (compactmode) என்று தேடினால் ஷோ என்று முடியும் ஒரு வரி வரும். அதை ட்ரூ ஆக்கிவிட்டால், டூல்பார் கஸ்டமைஸ் பக்கத்தில் டென்சிட்டியில் காம்பேக்ட் மறுபடி தோன்றும்.

அப்புறம் அக்கா, உங்கள் வேலைக்கு மூன்று பிரவுசர் தேவையே இல்லை. ஃபயர்பாக்ஸுக்கு மல்டி அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ் என்று மொசில்லாவே கொடுக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்று உண்டு. கம்பெனிக்கு ஒரு கன்டெய்னர் உண்டாக்கினால், ஒரே ஜன்னலில் அடுத்தடுத்த டேப்பில் தனித்தனி லாகின் நிற்கும், ஒன்று மற்றொன்றைத் தள்ளாது. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு நிறம், டேப்பின் ஓரத்தில் அந்த நிறத்தில் கோடு வரும். அட்ரஸ் பாரின் வலது பக்கம் நீங்கள் வைத்த பெயரும் தெரியும். நீங்கள் கேட்ட கரை அதுதான். குரோம்தான் வேண்டுமென்றால் கம்பெனிக்கு ஒரு புரொஃபைல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தீம் நிறம் வையுங்கள். ஜன்னலின் மேல் பட்டையே அந்த நிறமாகிவிடும்.

நொய்யல்கரை

கன்டெய்னர் போட்டுப் பார்த்தேன் தம்பி. நிட்டிங்குக்கு நீலம், டையிங்குக்குச் சிவப்பு, பிரிண்டிங்குக்கு மஞ்சள். லாகின் தள்ளாமல் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இந்த வேலைக்கு இவ்வளவு பொருத்தமான ஒன்றைக் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறார்களே என்றுதான் வருத்தமாக இருக்கிறது. லைட் தீமில் மஞ்சள் கோடு சரியாகத் தெரியவில்லை, ஆரஞ்சுக்கு மாற்றிவிட்டேன். ஒரு சந்தேகம், நிறம் எட்டுத்தான் இருக்கிறது. எங்களிடம் கம்பெனி அதற்கு மேல்.

சிறுவாணித்தண்ணி

நிறத்தோடு ஐகானும் தேர்ந்தெடுக்கலாம் அக்கா. பெட்டி, வண்டி, மரம், பழம் என்று இருக்கும். ஒரே நேரத்தில் திறக்க வேண்டி வராத இரண்டு கம்பெனிகளுக்கு ஒரே நிறம் கொடுத்து ஐகானை மட்டும் மாற்றுங்கள். பெயரை வைக்கும்போது கம்பெனியின் முதல் எழுத்துகளை விட, எங்கே இருக்கிறது என்று ஊர்ப் பெயரை முன்னால் போடுங்கள், அவிநாசி, பல்லடம் என்று.